எள்ளிலிருந்து மூச்சு வரை

இட்லிப் பொடியின் நடுவே குழி செய்து ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் ஊற்றுகிறோம். எடை 5 கிராமுக்குச் சற்றுக் குறைவு. அந்த ஒரு கரண்டிக்குள் இருக்கும் கொழுப்பு மூலக்கூறுகளை எண்ண முடிந்தால் 3 என்று எழுதிப் பக்கத்தில் 21 சுழியங்கள் போட வேண்டியிருக்கும். அவற்றில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்துகொள்வோம். அது எள்ளுக்குள் உருவான நாள் முதல் நம் உடம்பை விட்டு வெளியேறும் நாள் வரை அதன் வாழ்க்கையை எழுதிப் பார்ப்போம்.

எழுதத் தொடங்கியதுமே ஒரு கேள்வி எதிரில் வந்து நிற்கிறது. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது. நம் உடம்பின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர். குடல், இரத்தம், செல்லின் உட்புறம் எல்லாமே நீர்மயம். நீரோடு சேராத ஒரு பொருள் நீரால் ஆன உடம்புக்குள் எப்படி நடமாடுகிறது? கொழுப்பின் வாழ்க்கை முழுவதும் இந்தக் கேள்விக்கு உயிர்கள் கண்டுபிடித்த விடைகளால் ஆனது.

எள்ளுக்குள்

எள் 80, 90 நாளில் அறுவடைக்கு வந்துவிடும் பயிர். அதன் இலைகள் காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்து, வெயிலின் துணையோடு சர்க்கரை செய்கின்றன. காய் முற்றும் நாட்களில் அந்தச் சர்க்கரை விதைக்குள் போய்க் கொழுப்பாக மாறுகிறது. ஒரு விதையின் எடை சுமார் 3 மில்லிகிராம்தான். மண்ணில் விழுந்து, முளைவிட்டு, முதல் இலை வெயிலைக் காணும் வரை முளைக்கு வேண்டிய உணவு முழுவதும் அதற்குள் அடங்கியாக வேண்டும். ஒரு கிராம் மாவுப்பொருள் தருவது 4 கிலோகலோரி. ஒரு கிராம் கொழுப்பு தருவது 9. சிறிய இடத்தில் நிறையச் சேமிக்க விதைக்குக் கொழுப்பே வழி. அதனால்தான் எள்ளின் எடையில் ஏறத்தாழப் பாதி எண்ணெயாக இருக்கிறது.

நாம் பின்தொடரும் மூலக்கூறின் அமைப்பு எளிமையானது. மூன்று கார்பன் அணுக்கள் கொண்ட கிளிசரால் அதன் முதுகெலும்பு. ஒவ்வொரு கார்பனோடும் ஒரு கொழுப்பு அமிலம் பிணைந்திருக்கிறது. ஒரு முனையில் 16 கார்பன் நீளமுள்ள பால்மிடிக் அமிலம். நடுவில் 18 கார்பன் நீளமுள்ள லினோலீயிக் அமிலம். மறுமுனையில் அதே 18 கார்பன் கொண்ட ஒலீயிக் அமிலம். மொத்தம் 55 கார்பன், 100 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன். இந்த அமைப்புக்கு டிரைகிளிசரைடு என்று பெயர். நாம் உண்ணும் எண்ணெய், நெய், இறைச்சிக் கொழுப்பு எல்லாவற்றிலும் பெரும்பகுதி இதுதான். தொங்கும் மூன்று அமிலங்கள் எவை என்பதில்தான் ஒன்றுக்கொன்று வேறுபாடு.

மூன்றுக்கும் வடிவம் வேறு. பால்மிடிக் அமிலத்தின் சங்கிலி நேரானது. அதன் கார்பன்கள் தாங்கக்கூடிய அளவு ஹைட்ரஜனைத் தாங்கி நிற்கின்றன. அதை நிறைவுற்ற கொழுப்பு அமிலம் என்கிறோம். ஒலீயிக் அமிலத்தில் ஓரிடத்தில் இரட்டைப் பிணைப்பு. அங்கே சங்கிலி வளைகிறது. லினோலீயிக் அமிலத்தில் இரண்டு வளைவுகள். நேரான சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கிக்கொண்டு இறுகும். வளைந்தவற்றால் அப்படி அடுக்கிக்கொள்ள முடியாது. தனிப் பால்மிடிக் அமிலம் உருகுவதற்கு 63 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். லினோலீயிக் அமிலமோ சுழியத்துக்குக் கீழே 5 டிகிரி வரை திரவமாகவே இருக்கும். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைந்து கிடக்கும்போது பக்கத்துப் பாட்டிலில் நல்லெண்ணெய் உறையாமல் இருப்பதற்கு இதுவே காரணம். நல்லெண்ணெயில் ஒலீயிக்கும் லினோலீயிக்கும் தலா ஏறத்தாழ 40 சதவீதம்; தேங்காய் எண்ணெயிலோ பெரும்பகுதி நிறைவுற்றது.

வளைவுக்கு ஒரு விலையும் உண்டு. இரட்டைப் பிணைப்பை ஒட்டிய இடத்தை ஆக்சிஜன் எளிதில் தாக்கும். எண்ணெய் காறிப்போவது அப்படித்தான். எள் இதற்கும் காப்பு வைத்திருக்கிறது. செசாமின், செசாமோலின், செசாமோல் ஆகிய பொருள்கள் எண்ணெயோடு கலந்திருந்து அந்தத் தாக்குதலைத் தணிக்கின்றன. ஊறுகாய்க்கு நம் பாட்டிமார் நல்லெண்ணெயைத் தேர்ந்ததற்கு வலுவான வேதியியல் காரணம் இருக்கிறது.

எள் விதைக்குள்ளும் நீர் உண்டு. ஆகவே விதை தன் எண்ணெயை நுண்ணிய துளிகளாகப் பிரித்து, ஒவ்வொரு துளியையும் மெல்லிய உறையால் போர்த்தி வைக்கிறது. உறையின் வெளிப்புறம் நீரை ஏற்கும். உட்புறம் எண்ணெயை ஏற்கும். இடையிடையே ஓலியோசின் என்ற புரதம் பதிந்திருந்து, துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடாமல் காக்கிறது. நீருக்கும் எண்ணெய்க்கும் இடையே இருபுறமும் ஒத்துப்போகும் ஓர் உறை: இந்த முதல் விடையை உடம்பும் பலமுறை பயன்படுத்தப்போகிறது. செக்கில் கருப்பட்டி சேர்த்து எள்ளை ஆட்டும்போது கிழிவது இந்த உறைகள்தான். துளிகள் ஒன்றாகி எண்ணெய் பிரிகிறது. புரதமும் நாரும் புண்ணாக்காகத் தங்குகின்றன.

எண்ணெய்க்குள் கிளிசராலும் கொழுப்பு அமிலங்களும் இருக்கின்றன என்பதை உலகுக்குத் தெளிவாகக் காட்டியவர் மிஷெல் யூஜின் செவ்ரூல் என்ற பிரெஞ்சு வேதியியலர். 1811 வாக்கில் ஒரு சோப்பு மாதிரியை ஆராயத் தொடங்கியவர், விலங்குக் கொழுப்புகளைப் பற்றிய தம் நூலை 1823இல் வெளியிட்டார். 102 வயது வரை வாழ்ந்தார்.

குடலில் உடைதல்

வாயில் போட்ட இட்லி இரைப்பையில் கூழாகிறது. அங்கே ஒரு நொதி கொழுப்பைச் சிறிதளவு உடைக்கிறது. பெரிய வேலை அடுத்த இடத்தில், முன்சிறுகுடலில் காத்திருக்கிறது.

கொழுப்பு வந்து தொட்டதும் முன்சிறுகுடலின் செல்கள் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோனை இரத்தத்தில் விடுகின்றன. அது ஒரே நேரத்தில் மூன்று வேலைகளைச் செய்கிறது. பித்தப்பையைச் சுருங்க வைக்கிறது. கணையத்தை நொதி சுரக்க வைக்கிறது. இரைப்பை தன் கூழை வெளியே தள்ளும் வேகத்தைக் குறைக்கிறது. எண்ணெயும் நெய்யும் சேர்ந்த சாப்பாடு நெடுநேரம் பசி தாங்குவது இந்த மூன்றாவது வேலையால்.

கல்லீரல் ஒரு நாளில் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பித்தநீர் சுரக்கிறது. அதிலுள்ள பித்த உப்புகளை அது கொலஸ்டிராலிலிருந்து செய்கிறது. பித்த உப்பு மூலக்கூறின் ஒரு முகம் எண்ணெயைப் பற்றும், மறுமுகம் நீரைப் பற்றும். எண்ணெய்க் குளியலன்று தலையில் சீயக்காய்த் தூள் செய்யும் வேலையைக் குடலுக்குள் பித்த உப்பு செய்கிறது. பெரிய துளி உடைந்து பல்லாயிரம் சிறு துளிகள் ஆகின்றன. எண்ணெயின் அளவு கூடவில்லை. நீரைத் தொட்டு நிற்கும் பரப்பு மட்டும் பெருகிவிட்டது. அந்தப் பரப்பில்தான் கணையத்தின் லைபேஸ் நொதியால் வேலை செய்ய முடியும். பித்த உப்புகள் மொய்த்திருக்கும் துளியில் லைபேஸ் தனியாக ஒட்ட முடியாது; கோலைபேஸ் என்ற சிறு புரதம் அதைப் பிடித்து அமர்த்துகிறது.

நொதி நம் மூலக்கூறின் இரு முனைகளையும் வெட்டுகிறது. பால்மிடிக்கும் ஒலீயிக்கும் தனியாகிவிடுகின்றன. நடுவிலிருந்த லினோலீயிக் மட்டும் கிளிசராலை விடாமல் பிடித்திருக்கிறது. எள்ளுக்குள் ஒன்றாகப் பிறந்த மூன்றும் இதன் பிறகு ஒன்றுசேரப் போவதில்லை.

இந்த வெட்டு கணையநீரின் வேலை என்பதைக் கண்டவர் கிளோட் பெர்னார்ட். 1840களின் இறுதியில் பாரிஸில் முயல்களை ஆராய்ந்தார். முயலின் குடலில் பித்தநாளம் மேலே திறக்கிறது. கணையநாளம் வெகு கீழே தள்ளித் திறக்கிறது. கொழுப்பு உண்ட முயலில் குடலிலிருந்து கிளம்பும் நுண்குழல்கள் கணையநாளம் திறக்கும் இடத்துக்குக் கீழேதான் பால்போல் வெளுத்திருந்தன. பித்தநீர் மட்டும் இருந்த மேற்பகுதியில் அந்த வெண்மை இல்லை. கணையநீர் வந்து கலந்த பிறகே கொழுப்பு உடம்புக்குள் நுழைகிறது என்று அவர் முடிவுக்கு வந்தார்.

வெட்டப்பட்ட துண்டுகளைப் பித்த உப்புகள் மைசெல் எனப்படும் மிக நுண்ணிய உருண்டைகளாகச் சூழ்ந்துகொண்டு குடல் சுவரை நோக்கிக் கொண்டுசெல்கின்றன. அதே உருண்டைகளில் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் ஏறிக்கொள்கின்றன. முருங்கைக்கீரையின் கரோட்டீனும் இந்த வழியில்தான் வர முடியும். கீரையைத் துளி எண்ணெயும் இல்லாமல் தின்றால் அதன் கரோட்டீனில் பெரும்பகுதி உடம்பில் சேராமலே போய்விடும். குடல் சுவரில் சரக்கை இறக்கிய பித்த உப்புகள் வீணாவதில்லை. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் ஏறத்தாழ 95 சதவீதம் மீட்கப்பட்டுக் கல்லீரலுக்குத் திரும்புகின்றன. ஒரே நாளில் பலமுறை இப்படிச் சுற்றி வருகின்றன.

வெண்ணிறக் குழல்கள்

குடல் செல்லுக்குள் நுழைந்ததும் எதிர்பாராத ஒன்று நடக்கிறது. இவ்வளவு பாடுபட்டு உடைத்த கொழுப்பை உடம்பு மறுபடியும் கட்டுகிறது. தனிக் கொழுப்பு அமிலங்கள் செல்லுக்குள் திரண்டால் சோப்புப்போல் சவ்வுகளைக் கரைத்துவிடும். ஆகவே விரைவில் அவற்றைக் கிளிசராலோடு பிணைத்தாக வேண்டும். லினோலீயிக்குக்குப் புதிய துணைகள் கிடைக்கின்றன. அவை வேறு எள்ளிலிருந்தோ, காலையில் காப்பியில் கலந்த பாலிலிருந்தோ வந்தவையாக இருக்கலாம்.

அடுத்து, இப்படிக் கட்டிய கொழுப்பைப் பெருந்திரளாகச் சேர்த்து, மேலே பாஸ்போலிப்பிட் உறையும் ஏபிஓபி-48 என்ற புரதமும் போர்த்திக் கைலோமைக்ரான் என்ற உருண்டையைச் செல் உருவாக்குகிறது. எள்ளுக்குள் கண்ட அதே விடை, வேறு அளவில். இந்த உருண்டை குடலின் இரத்த நுண்குழல்களுக்குள் நுழைய முடியாத அளவு பெரியது. ஆகவே சர்க்கரையும் அமினோ அமிலங்களும் போகும் வழியில் அது போவதில்லை. அவை இரத்தத்தில் கலந்து நேரே கல்லீரலுக்குச் செல்கின்றன. கைலோமைக்ரான் நிணநீர்க் குழல்களில் இறங்குகிறது. தேங்காய் எண்ணெயில் சிறிதளவு உள்ள 8, 10 கார்பன் நீளக் குட்டைக் கொழுப்பு அமிலங்களுக்கு மட்டும் விதிவிலக்கு. அவை நீரில் ஓரளவு கலக்கும் என்பதால் நேர்வழியிலேயே கல்லீரலை அடைகின்றன.

இந்தக் குழல்களை முதலில் கண்டு எழுதியவர் இத்தாலிய மருத்துவர் காஸ்பரே அசெல்லி. 1622இல் ஒரு நாயின் வயிற்றைத் திறந்து ஆராய்ந்துகொண்டிருந்தபோது குடலெங்கும் வெண்ணிற நூல்கள் பரவிக் கிடப்பதைப் பார்த்தார். நரம்புகள் என்று நினைத்தவர், ஒன்றைக் கீறியதும் பால்போன்ற திரவம் பீறிட்டது. அடுத்த நாள் வேறொரு நாயில் பார்த்தார். ஒரு நூலும் தென்படவில்லை. முதல் நாய் வயிறார உண்டிருந்தது, இரண்டாவது பட்டினியாக இருந்தது என்பதை நினைவுகூர்ந்து, ஒரு நாய்க்கு உணவு கொடுத்துச் சில மணி நேரம் கழித்துப் பார்த்தார். வெண்குழல்கள் மீண்டும் தோன்றின. கொழுப்பு உடம்புக்குள் பயணம் செய்வதை மனிதக் கண் நேரில் பார்த்த தருணம் அது. அவர் இறந்த பின், 1627இல், அவருடைய நூல் வண்ணப் படங்களோடு வெளிவந்தது.

அந்தக் குழல்கள் கல்லீரலுக்குப் போகின்றன என்று அசெல்லி கருதியிருந்தார். 1651இல் பிரான்சின் ஷான் பெக்கே சரியான வழியைக் காட்டினார். வயிற்றின் நிணநீரெல்லாம் முதுகுத்தண்டை ஒட்டி ஏறும் மார்பு நிணநாளத்தில் சேர்கிறது. அது கழுத்தின் இடப்புறம், காரை எலும்புக்குப் பின்னால் உள்ள பெரிய சிரையில் போய்த் திறக்கிறது. நாம் உண்ட எண்ணெய் கல்லீரலைத் தொடாமலே மார்பைக் கடந்து, முதலில் இதயத்தை அடைந்து, அங்கிருந்து உடம்பெங்கும் அனுப்பப்படுகிறது.

இரத்தத்தில் பிரிந்த வழிகள்

கொழுப்பு மிகுந்த விருந்து உண்ட சில மணி நேரத்தில் இரத்தம் எடுத்துத் தெளியவைத்தால் அதன் நீர்ப்பகுதி கலங்கித் தெரியும். அது கைலோமைக்ரான்களின் கலங்கல். இரத்தத்தில் டிரைகிளிசரைடு அளவு பார்ப்பதற்கு முன் இரவு முழுவதும் வெறும் வயிற்றோடு இருக்கச் சொல்வது இதனால்தான்.

தசைகளிலும் கொழுப்புத் திசுவிலும் உள்ள இரத்த நுண்குழல்களின் உட்சுவரில் லிப்போபுரோட்டீன் லைபேஸ் என்ற நொதி ஒட்டியிருக்கிறது. கடந்து செல்லும் கைலோமைக்ரானை அது பிடித்து, உள்ளிருக்கும் கொழுப்பை மறுபடியும் உடைத்துக் கொழுப்பு அமிலங்களை வெளியே எடுக்கிறது. இரண்டாவது முறையாக உடைப்பு. சில நிமிடங்களில் முடிந்துவிடும் வேலை. எந்தத் திசுவில் இந்த நொதி அதிகம் இயங்க வேண்டும் என்பதை உடம்பின் நிலை தீர்மானிக்கிறது. உண்ட பின் இன்சுலின் உயர்ந்திருக்கும்போது கொழுப்புத் திசுவில் நொதி வலுக்கிறது. பட்டினியிலும் உழைப்பிலும் தசையின் பங்கு கூடுகிறது.

நம் ஒலீயிக் அமிலம் இங்கே இறங்கி ஒரு கொழுப்புச் செல்லுக்குள் போகிறது. லினோலீயிக்கும் பால்மிடிக்கும், சுருங்கிப்போன கைலோமைக்ரானின் எச்சத்தோடு கல்லீரலை அடைகின்றன. இனி மூன்றுக்கும் மூன்று வாழ்க்கை.

தோலும் சவ்வும்

லினோலீயிக் அமிலத்தை மனித உடம்பால் செய்ய முடியாது. கொழுப்பு அமிலச் சங்கிலியின் ஒன்பதாவது கார்பனைத் தாண்டி இரட்டைப் பிணைப்பு போடும் நொதி நம்மிடம் இல்லை, தாவரங்களிடம் இருக்கிறது. 1929இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதியர் எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத உணவைக் கொடுத்து வளர்த்தனர். எலிகளின் வால் செதில் செதிலாக உரிந்தது, வளர்ச்சி நின்றது, தண்ணீரை ஓயாமல் குடித்தன. மறு ஆண்டு, லினோலீயிக் அமிலத்தைச் சிறிதளவு சேர்த்ததும் தேறின என்று எழுதினர். கொழுப்பு எரிபொருள் மட்டும்தான், அதன் இடத்தைச் சர்க்கரை நிரப்பிவிடும் என்று பலரும் எண்ணியிருந்த காலம் அது. வைட்டமின்களைப்போல் உணவில் வந்தே தீர வேண்டிய கொழுப்பும் உண்டு என்பதை அந்த எலிகள் காட்டின.

அவை ஏன் அவ்வளவு தண்ணீர் குடித்தன என்பது பின்னால் விளங்கியது. தோலின் மேலடுக்கில் நீர் வெளியேறாமல் தடுக்கும் கொழுப்புப் படலம் இருக்கிறது. அதன் முக்கியமான பகுதியான ஒரு வகைச் செராமைடில் லினோலீயிக் அமிலம் பிணைந்திருக்கிறது. அது இல்லாவிட்டால் உடம்பின் நீர் தோல் வழியே கசிந்து போகும். நீரோடு ஒட்டாத குணமே உடம்பின் நீரைக் காக்கிறது.

ஒவ்வொரு செல்லின் சவ்வும் இதே குணத்தால் நிற்கிறது. 1925இல் ஹாலந்தின் கோர்ட்டர், கிரென்டல் இருவரும் சிவப்பணுக்களின் கொழுப்பைப் பிரித்து நீரின்மேல் ஒற்றை அடுக்காகப் பரப்பினர். அது அணுக்களின் மேற்பரப்பைப்போல் இரு மடங்கு இடத்தை மூடியது. செல் சவ்வு இரண்டு அடுக்குக் கொழுப்பால் ஆனது என்று அதிலிருந்து கண்டனர். பாஸ்போலிப்பிட் மூலக்கூறுகள் நீரை ஏற்கும் தலையை வெளியே வைத்து, கொழுப்பு அமில வால்களை உள்ளே மறைத்து நிற்கின்றன. வளைவுள்ள அமிலங்கள் இருப்பதால்தான் அந்தச் சவ்வு இறுகிப்போகாமல் நெகிழ்வாக இருக்கிறது. நம் லினோலீயிக் அமிலம் கல்லீரலில் ஒரு பாஸ்போலிப்பிட்டில் சேர்ந்து இப்படியொரு சவ்வில் இடம்பெறலாம். அல்லது இன்னும் இரண்டு கார்பனும் இரண்டு வளைவும் கூடி, அராக்கிடானிக் அமிலமாகச் சவ்வில் காத்திருக்கலாம். காயமோ தொற்றோ நேர்ந்தால் அது சவ்விலிருந்து வெட்டி எடுக்கப்பட்டு, புரோஸ்டகிளாண்டின் என்ற செய்திப் பொருளாகி வலியையும் வீக்கத்தையும் காய்ச்சலையும் எழுப்பும். ஆஸ்பிரின் மாத்திரை தடுப்பது இந்த மாற்றத்தைத்தான். இதை விளக்கிய பெர்க்ஸ்ட்ரோம், சாமுவேல்சன், ஜான் வேன் மூவருக்கும் 1982இல் நோபல் பரிசு கிடைத்தது.

கல்லீரலிலிருந்து கிளம்பியது

பால்மிடிக் அமிலத்துக்குக் கல்லீரலில் நிறையச் சொந்தங்கள் உண்டு. தேவைக்கு மேல் வந்த சர்க்கரையையும் சோற்றையும் கொழுப்பாக மாற்றும்போது கல்லீரல் முதலில் செய்வது பால்மிடிக் அமிலம்தான். எண்ணெயைத் தொடாமல் இனிப்பை மட்டும் தின்றாலும் உடம்பில் கொழுப்பு ஏறுவது இப்படி. வெளியிலிருந்து வந்ததையும் தான் செய்ததையும் சேர்த்துக் கட்டி, ஏபிஓபி-100 புரதம் சுற்றி, விஎல்டிஎல் என்ற உருண்டையாகக் கல்லீரல் இரத்தத்தில் விடுகிறது. போகும் வழியில் கொழுப்பை இறக்கி இறக்கி அது சிறுத்து, கொலஸ்டிரால் மிகுந்த எல்டிஎல் ஆகிறது.

எல்டிஎல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ளக் கல்லீரல் செல்களின் மேல் ஏற்பிகள் இருக்கின்றன. அவற்றைக் கண்டறிந்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவரும் 1985இல் நோபல் பெற்றனர். ஏற்பிகள் குறைந்தால் எல்டிஎல் இரத்தத்தில் நெடுநேரம் சுற்றும். தமனிச் சுவருக்குள் புகுந்து படியும். உணவில் நிறைவுற்ற கொழுப்பு மிகும்போது இந்த ஏற்பிகளின் வேலை மந்தமாகிறது. வனஸ்பதி செய்யும்போது தோன்றும் டிரான்ஸ் கொழுப்பு இன்னும் தீயது. அதில் இரட்டைப் பிணைப்பு இருந்தும் வளைவு நிமிர்ந்துவிட்டது. உணவு எண்ணெய்களில் அது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒரு சங்கிலி வளைந்திருக்கிறதா, நேராக இருக்கிறதா என்ற சின்ன வேறுபாடு இதயத் தமனி வரை போய்த் தொடுகிறது.

கொழுப்புச் செல்லில் தங்கியது

இனி ஒலீயிக் அமிலம். கொழுப்புச் செல்லுக்குள் நுழைந்ததும் அது மூன்றாவது முறையாகக் கிளிசராலோடு பிணைந்து, செல்லையே நிறைத்து நிற்கும் ஒற்றைத் துளியில் கலக்கிறது. இங்கேயும் துளியைச் சுற்றி உறை. காவலுக்குப் பெரிலிப்பின் என்ற புரதம். உடம்பு மாவுப்பொருளைக் கிளைக்கோஜனாகச் சேர்த்தால் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரைப் பிடித்துவைக்கும். கொழுப்பு தண்ணீரைச் சேர்ப்பதே இல்லை. குறைந்த எடையில் இவ்வளவு ஆற்றலைத் தரும் சேமிப்பு வேறில்லை. கோடியக்கரைக்கு வலசை வரும் உள்ளான்கள் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டே நெடுந்தொலைவு பறக்கின்றன.

உடம்பின் கொழுப்பு அசையாமல் கிடக்கும் என்றுதான் நெடுங்காலம் எல்லோரும் எண்ணியிருந்தனர். 1935இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ருடால்ஃப் ஷோன்ஹைமரும் டேவிட் ரிட்டன்பெர்க்கும் கனமான ஹைட்ரஜனால் குறியிட்ட கொழுப்பை எலிகளுக்கு ஊட்டினர். உண்ட கொழுப்பு உடனே எரிந்துவிடும், பழைய சேமிப்பு தொடப்படாது என்பதே அன்றைய நம்பிக்கை. ஆனால் எடை கூடாத எலிகளிலும் குறியிட்ட கொழுப்பில் பெரும்பகுதி சேமிப்பிடங்களுக்குள் போயிருந்தது. புதியது உள்ளே போக, பழையது வெளியே வந்துகொண்டிருந்தது. எடை மாறாத உடம்புக்குள் கொழுப்பு ஓயாமல் மாறிக்கொண்டிருக்கிறது.

மனித உடம்பில் அது எவ்வளவு காலம் தங்குகிறது என்பதை அணுகுண்டுச் சோதனைகளின் தடயம் சொன்னது. 1963 வரை வெட்டவெளியில் நடந்த சோதனைகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் ஏறியது. பின்னர் ஆண்டுதோறும் குறைந்துவந்தது. அந்தக் கார்பன் பயிர் வழியாக உணவிலும், உணவு வழியாக நம் கொழுப்பிலும் பதிந்தது. ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தின் கிர்ஸ்டி ஸ்பால்டிங், பீட்டர் ஆர்னர் குழுவினர் இதை அளந்து 2011இல் வெளியிட்டனர். கொழுப்புச் செல்லில் உள்ள கொழுப்பின் சராசரி வயது 1.6 ஆண்டு. உடல் பருமன் உள்ளவர்களில் கொழுப்பு வெளியேறும் வேகம் குறைந்திருந்தது. பருமனில் வரவு மட்டும் மிகவில்லை, போக்கும் மந்தமாகியிருந்தது.

இன்சுலின் உயர்ந்திருக்கும் வரை கொழுப்புச் செல் தன் கொழுப்பை எளிதில் விடாது. உண்டு சில மணி நேரம் கழிந்து இன்சுலின் தாழும்போது, அல்லது நடையிலும் உழைப்பிலும் அட்ரினலின் உயரும்போது, செல்லுக்குள் நொதிகள் விழித்துக்கொள்கின்றன. ஒலீயிக் அமிலம் மறுபடியும் வெட்டப்பட்டு இரத்தத்துக்கு வருகிறது. இம்முறை அதைத் தாங்கிக்கொள்வது இரத்தத்தின் ஆல்புமின் புரதம். அதன் மடிப்புகளுக்குள் நீர்படாமல் ஒளிந்தபடி ஒலீயிக் அமிலம் இதயத் தசைக்குப் போகிறது. இடைவிடாமல் துடிக்கும் இதயம் தன் ஆற்றலில் 60 முதல் 70 சதவீதத்தைக் கொழுப்பு அமிலங்களிலிருந்தே எடுக்கிறது.

மூச்சாதல்

இதயச் செல்லின் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைய இன்னொரு துணை வேண்டும். கார்னிடின் அதை உள்ளே சேர்க்கிறது. அங்கே சங்கிலி இரண்டிரண்டு கார்பனாக அறுக்கப்படுகிறது. இதை 1904இல் கண்டவர் ஜெர்மனியின் ஃபிரான்ஸ் கினூப். கொழுப்பு அமிலத்தின் வாலில் உடம்பால் எரிக்க முடியாத ஃபீனைல் வளையத்தைக் கட்டி நாய்களுக்கு ஊட்டினார். சங்கிலி எவ்வளவு நீளமாக இருந்தாலும், கார்பன்கள் இரட்டைப்படையா ஒற்றைப்படையா என்பதைப் பொறுத்து, சிறுநீரில் வந்தது இரண்டே வகை எச்சம். ஒரு தடவைக்கு இரண்டு கார்பன் வீதம் வெட்டப்பட்டால்தான் அப்படி வர முடியும் என்று உணர்ந்தார். 18 கார்பன் கொண்ட நம் ஒலீயிக் அமிலம் 8 வெட்டில் 9 துண்டாகிறது. அவை முழுவதும் எரியும்போது, செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி மூலக்கூறுகள் ஏறத்தாழ 120 கிடைக்கின்றன.

மற்ற இரண்டும் என்றேனும் இதே இடத்துக்கு வரக்கூடியவை. பால்மிடிக் ஏதோ ஒரு தசையில் எரியும். லினோலீயிக்கும் சவ்வு புதுப்பிக்கப்படும்போது வெளியே வந்து எரியும். தோலின் மேலடுக்கில் சேர்ந்தது மட்டும் தோலோடு உதிரும். மூன்றும் கிளிசராலும் முழுக்க எரிந்ததாகக் கணக்குப் போட்டால், எள்ளுக்குள் பிறந்த அந்த ஒரு மூலக்கூறு 77 ஆக்சிஜன் மூலக்கூறுகளோடு சேர்ந்து 55 கரியமில வாயு மூலக்கூறுகளாகவும் 50 நீர் மூலக்கூறுகளாகவும் ஆகிறது. முழுத் தேக்கரண்டிக்கும் பார்த்தால் சுமார் 13 கிராம் கரியமில வாயு, 5 கிராம் தண்ணீர். கொழுப்பு வியர்வையாக உருகிப் போகிறது, வெப்பமாக மறைகிறது என்றெல்லாம் சொல்வதுண்டு. ஆஸ்திரேலியாவின் ரூபன் மீர்மேனும் ஆண்ட்ரூ பிரவுனும் 2014இல் கணக்கிட்டுக் காட்டினர்: உடம்பு இழக்கும் கொழுப்பில் 84 சதவீதம் மூச்சுக்காற்றில் கரியமில வாயுவாகவே வெளியேறுகிறது. எஞ்சியது தண்ணீர். தொடக்கம் முதல் நீரோடு ஒட்டாமல், ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் உறைக்குள் ஒளிந்து வந்த எண்ணெய் கடைசியில் நீராகவே மாறி உடம்பின் நீரோடு கலந்துவிடுகிறது.

இந்த வாழ்க்கையைத் தெரிந்துகொண்ட பிறகு கொழுப்பை உடம்பில் ஒட்டிக்கொண்ட அழுக்காக நினைக்க எனக்கு மனம் வரவில்லை. அது செல்லுக்குச் சுவர், தோலுக்குக் காப்பு, இதயத்துக்கு எரிபொருள், காயத்துக்கு எச்சரிக்கை. நோய் தொடங்குவது அதன் ஓட்டம் தடைப்படும்போது. வரவு போக்கை மிஞ்சி, கொழுப்புச் செல்கள் நிறைந்து, அது கல்லீரலிலும் வயிற்று உறுப்புகளைச் சுற்றியும் தேங்கும்போதுதான் கேடு. தெற்காசியர்களாகிய நமக்கு இந்தத் தேக்கம் ஐரோப்பியரைவிடக் குறைந்த எடையிலேயே நேர்கிறது. ஆகவே இந்தியர்களுக்கு உடல் நிறை குறியீட்டெண் 23ஐத் தொட்டாலே கூடுதல் எடை என்று மருத்துவர்கள் கொள்கிறார்கள். எண்ணெயை அறவே விலக்குவதும் சரியில்லை. எந்த எண்ணெய் நல்லது என்று ஓயாமல் விவாதித்துவிட்டு நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதும் சரியில்லை. அளவாக ஊற்றிக்கொண்டு, ஒரு வேளைக்கும் மறுவேளைக்கும் நடுவே உடம்புக்கு நேரம் கொடுத்து, தினமும் மூச்சு வாங்க நடந்தால் போதும். மூச்சு வாங்கும் ஒவ்வொரு அடியிலும் பழைய கொழுப்பின் கார்பன் வெளியே போய்க்கொண்டிருக்கும்.